வின்னி ஸ்கேன்லனும் நீர்க்குறி இல்லாத உறைகளும்

அந்த ஏப்ரல் மாதத் திங்கட்கிழமை மணியடித்துப் பெண்கள் மாடியேறி வந்தபோது, மேசைகள் எல்லாம் திரும்பிக் கிடந்தன. சனிக்கிழமை வரை ஆற்றுப் பக்கத்து ஜன்னல்களைப் பார்த்திருந்தவை இப்போது செங்கல் சுவரைப் பார்த்தன. போதாக்குறைக்கு ஜன்னல்களின் கீழ்ப்பாதிக் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

"வெயில் கண்ணைக் கூசுதுன்னு சொன்னீங்களாமே, அதான்," என்றார் மேற்பார்வைக்காரி மிசஸ் குட்ரிச். கறுப்பு உடை, இடுப்பில் சாவிக்கொத்து, சிரித்தாலும் பல் தெரியாத வாய்.

நாற்பது பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அப்படிச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

"ஏப்ரல்ல வெயிலாம். இந்த ஊர்ல," என்று பக்கத்து மேசை ஹனோரா கிளியரி முணுமுணுத்தாள். "அந்தம்மா வீட்டுல தனியா ஒரு சூரியன் உதிக்குது போல."

வினிஃப்ரெட் ஸ்கேன்லன் சிரிக்கவில்லை. பதினான்காம் எண் மேசையில் உட்கார்ந்து முதல் கட்டை எடுத்தாள். இருபத்தைந்து கடித உறைகள். விசிறிபோல விரித்து ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். விரல் நின்றது.

ஸ்டோடர்ட்ஸ் ஃபால்ஸ் என்ற அந்த ஆற்றங்கரை ஊருக்குச் சோறு போட்டது அந்த உறை ஆலைதான். நான்கு வருடத்துக்கு முன் வாஷிங்டனில் தபால் இலாகா டெண்டர் கேட்டது: தேசம் முழுவதற்கும் மூன்று சென்ட் முத்திரை பொறித்த உறைகள் செய்து தரவேண்டும். நியூயார்க்கின் பெரிய ஆலைக்காரர்கள் சொன்ன விலையைவிட வெகுவாகக் குறைத்துச் சொல்லி ஒப்பந்தத்தைத் தட்டிக்கொண்டு வந்தார்கள் இந்த ஆலையின் முதலாளிகள். அந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்று அப்போதே காகிதம் தெரிந்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். ஊர் தலையைச் சொறியவில்லை, பட்டாசு வெடித்தது.

முத்திரை பொறித்த உறை என்பது பணத்துக்குச் சமம். அதனால் ஆலைக்குள் எல்லாமே கெடுபிடி. பச்சை மையில் முத்திரையின் தலை உருவத்தைப் பொறிக்கும் எஃகு அச்சுகளை மாலையில் இரும்புப் பெட்டியில் பூட்டுவது அரசாங்கம் அனுப்பிவைத்த ஏஜெண்ட். கோணலாக மடிந்த உறையைக்கூட அவர் முன்னால்தான் எரிக்க வேண்டும். பெண்கள் வெளியே போக ஒரே கதவு. அங்கே ஒரு கிழவி ஏப்ரன் பையையும் தொப்பியின் உள்பக்கத்தையும் தடவிப் பார்த்துத்தான் விடுவாள். ஒரு உறையோடு பிடிபட்டால் வேலை மட்டும் போகாது, சிறை.

வின்னிக்கு முப்பத்தொரு வயது. ஒன்பது வயதில் அயர்லாந்தின் கிளேரிலிருந்து அக்கா ஜோஹானாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தவள். அக்கா கல்யாணம் செய்துகொண்டு ஓஹையோவுக்குப் போனாள். வின்னி உறை ஆலையோடு தங்கிவிட்டாள். மடிப்புப் பகுதியில் தொடங்கி, பரிசோதனைப் பகுதிக்கு வந்தாள். மடிப்பு, பசை, முத்திரை, காகிதம் நான்கையும் பார்த்து, ஐந்நூறு உறைகளைப் பெட்டியில் அடுக்கி, தன் எண் போட்ட சீட்டை மேலே வைப்பது அவள் வேலை. காகிதத்தைப் பார்ப்பதென்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். நல்ல காகிதத்துக்குள்ளே இலாகாவின் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னி நிழல்போலத் தெரியும். அதுதான் நீர்க்குறி. இலாகாவுக்கென்று மட்டும் செய்யும் காகிதத்தில்தான் அது இருக்கும்.

இப்போது வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஆனால் விரலுக்கு வெளிச்சம் வேண்டியதில்லை. காகிதம் மெலிந்திருந்தது. நான்கு வருடம் தொட்ட கன்னம் ஒரே நாளில் வற்றிப்போனதுபோல.

"மேடம்," என்று கையைத் தூக்கினாள். "இந்தக் காகிதம் வேற மாதிரி இருக்கு."

மிசஸ் குட்ரிச் சாவிக்கொத்துச் சத்தத்தோடு வந்தார். உறையைப் பார்க்கவில்லை, வின்னியைப் பார்த்தார். "இன்னையிலிருந்து நீங்க மடிப்பு, பசை, முத்திரை பார்த்தா போதும். காகிதத்தை ஏஜெண்ட் கீழேயே பார்த்துடறாரு. அரசாங்கத்தைவிட உனக்கு அதிகம் தெரியுமா?"

அன்றிலிருந்து வின்னியின் மனசை ஒரு சந்தேகப் பூச்சி அரித்தது.

முதலில் அவள் சந்தேகப்பட்டது ஏஜெண்ட் லூசியஸ் திராலைத்தான். ஐம்பத்தைந்து வயது, நிமிர்ந்த உடம்பு, உள்நாட்டுப் போரில் காப்டனாக இருந்தவர். யாராவது முதலில் வணக்கம் சொன்னால்தான் பதில் சொல்வார். எதிரே வந்தவர்கள் பேசாமல் நின்றால் மரத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போவார். "பெரிய மனுஷனாம்," என்று பெண்கள் உதட்டைச் சுழிப்பார்கள். கக்கத்தில் எப்போதும் ஒரு செய்தித்தாள், அதை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாடு தினமும் ஆலை மேலாளர் பர்டிக்கோடு. பர்டிக்தான் அவர் முழங்கையைப் பிடித்து, சிரித்துச் சிரித்துப் பேசி, படியிறக்கிக் கூட்டிப்போவார்.

ஒருநாள் வெட்டும் பகுதிக்குப் பசை துடைக்கும் துணி வாங்கப் போனபோது வின்னி அதையும் பார்த்தாள். காகிதக் கட்டுகள் வந்து இறங்கியிருந்தன. பர்டிக்கின் குமாஸ்தா ஒரு கட்டின் மேலிருந்து நாலு தாளை உருவி திரால் கையில் கொடுத்தான். அவர் தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார், தலையை ஆட்டினார், கையெழுத்துப் போட்டார். கட்டின் நடுவிலிருந்து ஒரு தாள்கூட எடுக்கச் சொல்லவில்லை.

"லஞ்சம் வாங்கித் தின்னுட்டான்டி அந்த ஆளு," என்றாள் வின்னி. விடுதியில் அவளும் ஹனோராவும் ஒரே அறை. மாலைத் தேநீருக்கு முன் இருவரும் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "மேல நாலு தாள் நல்லது. உள்ள பூரா மட்டம். அதைப் பார்க்கக்கூடாதுன்னுதான் மேசையைத் திருப்பிப் போட்டாங்க."

"திருப்பிப் போட்டா திரும்பி உட்காரு. உனக்கு என்ன வந்துச்சு?"

"பெட்டியில என் நம்பர் போகுதே."

"நாப்பது பேரோட நம்பரும்தான் போகுது. மாதாவைக் கும்பிட்டுட்டு வாயை மூடிட்டு இரு. இந்த ஊர்ல வேற ஆலை இருக்கா? இல்ல, கிளேருக்குத் திரும்பிப் போய் உருளைக்கிழங்கு தோண்டப் போறியா?"

வின்னி வாயை மூடிக்கொண்டாள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. இந்த நான்கு மாத மௌனத்தைப் பற்றிப் பிறகு அவளிடம் எத்தனையோ பேர் கேட்டார்கள். "பயமா இருந்துச்சு" என்பதைத் தவிர அவளிடம் வேறு பதில் இருந்ததில்லை.

ஆகஸ்டில் பர்டிக் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் மேசைமேல் ஒரு பெட்டி திறந்திருந்தது. மேலே அவளுடைய சீட்டு, எண் பதினான்கு. மிசஸ் குட்ரிச் கதவோரம் நின்றார்.

"இந்தப் பெட்டி இண்டியானாவிலிருந்து திரும்பி வந்திருக்கு," என்றார் பர்டிக். கொழுத்த, வெளுத்த மனிதர். குரல் வெண்ணெய். "ஐந்நூறுல முந்நூத்துச் சொச்சத்துல நீர்க்குறி இல்ல. அங்கத்தி போஸ்ட்மாஸ்டர் இலாகாவுக்கு எழுதிட்டாரு. இலாகா எங்களைக் கேக்குது. நான் உன்னைக் கேக்கறேன், ஸ்கேன்லன்."

"காகிதம் நான் செய்யறதில்லையே, ஐயா."

"நீ செய்யற வேலையைச் சொல்லு. பார்க்காம விட்டியா, இல்ல வெளியில செஞ்ச போலி உறையை உள்ள வெச்சுட்டு நல்லதை எடுத்துட்டுப் போனியா?"

வின்னி மேசையருகே வந்தாள். "கதவுல தினமும் தடவிப் பாக்கறாங்களே, ஐயா!"

"பொம்பளைங்க உடம்புல ஒளிக்க இடமா இல்ல?" என்றார் மிசஸ் குட்ரிச்.

பர்டிக் கையை உயர்த்தி அவரை அடக்கினார். ஒரு தாளை வின்னி பக்கம் நகர்த்தினார். கவனக்குறைவால் அந்த ஒரு பெட்டியைப் பரிசோதிக்காமல் விட்டுவிட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. "இதுல கையெழுத்துப் போடு. உன்னைத் திரும்ப மடிப்புக்கு மாத்தறதோட முடிச்சுக்கறேன். போடலைன்னா திருட்டுக் கேஸ். அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி ஏஜெண்ட் முன்னால போடணும். அவருதான் சாட்சி."

வெளியே வந்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது போட்டுவிடலாம் என்பதுதான். இரண்டாவது தோன்றியது: ஒரு பெட்டி என்கிறார்களே. ஒரு பெட்டியா? நான்கு மாதமாக எல்லாப் பெட்டியும் அப்படித்தானே? ஆனால் ஆலையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் காட்டினால் அவர்கள் சொன்ன திருட்டு நிஜமாகிவிடும்.

மாதாகோவில் தெருவைத் தாண்டும்போதுதான் அது பளிச்சிட்டது. அவள் மாதம் ஒரு கடிதம் அக்காவுக்கு எழுதுவாள், ஊர்த் தபால் நிலையத்தில் காசு கொடுத்து வாங்கிய முத்திரை உறையில். இவர்கள் ஆலையிலிருந்து பெட்டி பெட்டியாக வண்டியில் நேரே அங்கேதான் போகும். அந்த உறைகள்மேல் தேதியோடு தபால் முத்திரை விழுந்திருக்கும். அவை அவள் சொத்து, அக்காவின் சொத்து. யாரும் திருட்டு என்று சொல்ல முடியாது.

அன்றே எழுதினாள்: "என் கடிதங்களின் உறைகள் இருந்தால் எல்லாவற்றையும் உடனே அனுப்பு. காரணம் கேட்காதே."

எட்டாம் நாள் பொட்டலம் வந்தது. வாங்கியதும் வின்னி அதைத் திருப்பிப் பார்த்தாள். கட்டியிருந்த நூலின் முடிச்சு அக்கா போடும் முடிச்சு அல்ல.

"யாரு பிரிச்சது?"

ஹனோரா ஜன்னலோரம் காலுறை தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஹனோரா. உன்னைத்தான்."

"நான்தான் பிரிச்சேன்." ஊசி நின்றது. "குட்ரிச் அம்மா என்னைக் கூப்பிட்டு, உனக்கு வர்றது போறதை எல்லாம் பாத்துச் சொல்லச் சொல்லுச்சு. இல்லைன்னா அடுத்த பெட்டியில இருக்கறது என் நம்பராம்."

"ஏழு வருஷமா ஒரே படுக்கையில தூங்கறோம்டி!"

"தெரியும். அதான் உள்ளதைச் சொன்னேன். பழைய கவர்ல பீன்ஸ் விதை போட்டு அக்கா அனுப்பியிருக்கான்னு சொன்னேன். அந்தம்மா மூஞ்சியைச் சுளிச்சுது. விதைதானே இருக்கு? எனக்கு வேற ஒண்ணும் தெரியல. தெரிஞ்சுக்கவும் வேணாம்."

உண்மையிலேயே விதைதான் இருந்தது. சிக்கனக்காரி ஜோஹானா தோட்டத்து விதைகளைப் பழைய உறைகளில்தான் போட்டு வைப்பாள். அவசரத்தில் விதையோடு அனுப்பியிருந்தாள். வின்னி விதைகளைக் கட்டிலில் கொட்டினாள். உறைகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். டிசம்பர், ஜனவரி, மார்ச்: எழுத்துகள் பின்னித் தெரிந்தன. ஏப்ரல் கடைசி: ஒன்றும் இல்லை. மே, ஜூன், ஜூலை: ஒன்றும் இல்லை. ஹனோரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஹனோரா தன்னைக் காப்பாற்றினாளா, காட்டிக்கொடுத்தாளா என்று வின்னிக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து உறைகளை ரவிக்கைக்குள்தான் வைத்துக்கொண்டாள்.

அடுத்து யாரிடம் போவது? ஊர் போஸ்ட்மாஸ்டர் பர்டிக்கோடு ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்கப் போகிறவர். பாதிரியாருக்கு ஆலைக்காரர்கள் கோவில் மணி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் திராலிடமே போவது என்று முடிவு செய்தாள். நம்பிக்கையால் அல்ல. வெள்ளிக்கிழமை எப்படியும் அவர் முன்னால்தான் நிற்க வேண்டும். அதற்கு முன் உறையைக் கண்ணெதிரே நீட்டினால் திருடன் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதுதான்.

புதன்கிழமை மத்தியானம் பர்டிக் வங்கிக்குப் போயிருந்தார். திரால் தன் சிறிய அறையில் தனியாக, ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பதினாலாம் நம்பர் ஸ்கேன்லன், ஐயா."

"வாங்க, மிஸ் ஸ்கேன்லன். வெள்ளிக்கிழமை விஷயமா?"

மார்ச் உறையையும் மே உறையையும் அவர் கையில் வைத்தாள். "இதுல எதுல நீர்க்குறி இருக்கு, எதுல இல்லைன்னு சொல்லுங்க, ஐயா."

அவர் எழுந்தார், ஜன்னலுக்கு நேரே திரும்பினார், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார். "ரெண்டும் சரியாத்தான் இருக்கு. குறி தெளிவா தெரியுது."

வின்னிக்கு ரத்தம் கொதித்தது. கண்ணெதிரே எப்படிப்பட்ட பொய்! வாய் திறப்பதற்குள் அவரே கடுமையாகச் சொன்னார்: "ஆனா புது உறையைப் பரிசோதனை அறையிலிருந்து எடுத்துட்டு வந்திருக்கீங்க. இது எவ்வளவு பெரிய குற்றம்னு தெரியுமா? இதையும் நான் எழுதித்தான் ஆகணும்."

புது உறையா?

வின்னி அவரைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த உறை முழுவதும் அவளே பெரிய எழுத்தில் எழுதிய அக்காவின் விலாசம். மூலையில் பச்சைத் தலைமேல் நாணயம் அளவுக்குக் கறுப்புத் தபால் முத்திரை. ஓரம் கிழிந்து, தோட்டத்து மண்கறை படிந்திருந்தது.

"ஐயா," என்றாள் மெதுவாக. "அந்த உறைமேல என்ன எழுதியிருக்கு?"

திரால் உறையை விரலால் தடவினார். கிழிந்த ஓரத்தில் விரல் நின்றது. நாற்காலியைக் கையால் துழாவி உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா, ஐயா?"

"ரெண்டு குளிர்காலமா. வெளிச்சம் தெரியும். ஆள் நிக்கறது நிழலா தெரியும். எழுத்து தெரியாது." குரல் தாழ்ந்திருந்தது. "இந்த வேலை போனா எனக்கு வேற போக்கு இல்ல. பழக்கத்துல சமாளிச்சேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

வணக்கம் சொல்லாமல் போனது, விரிக்காத செய்தித்தாள், முழங்கையைப் பிடித்துப் படியிறக்கிய பர்டிக், எல்லாம் வின்னி கண்முன் வரிசையாக வந்து நின்றன. இந்த மனிதருக்கு யாரும் லஞ்சம் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும், ஐயா," என்றாள். நான்கு மாதம் அடக்கி வைத்ததை எல்லாம் சொன்னாள். மேசை, சுண்ணாம்பு, கட்டின் மேல் நாலு தாள், ஏழு உறைகள்.

அவர் மேசைமேல் தாளையும் பேனாவையும் துழாவி எடுத்தார். பிறகு, "உங்களுக்கு நல்லா எழுத வருமா?" என்று கேட்டார்.

அவர் சொல்லச் சொல்ல வின்னி எழுதினாள். வாஷிங்டனுக்கு, இலாகாவுக்கு. தன் பார்வை போனதையும், அதை மறைத்ததையும் முதல் பத்தியிலேயே வைக்கச் சொன்னார். "அதை விட்டுடலாமே, ஐயா," என்றாள். "விட்டா மிச்சத்தை எவன் நம்புவான்?" என்றார். அவர் போட்ட கையெழுத்து வரிவிட்டுச் சரிந்து இறங்கியது. கடிதத்தோடு ஏழு உறைகளையும் வைத்துக் கட்டினாள். ஊர்த் தபால் நிலையத்தில் போடவில்லை. அன்று மாலை வேலை விட்டதும் நான்கு மைல் நடந்து, ஆற்றுக்கு அக்கரையில் பக்கத்து ஊரில், தபால் நிலையம் மூடுவதற்குள் பதிவு செய்து அனுப்பினாள். வழியெல்லாம் யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பர்டிக் தாளையும் பேனாவையும் தள்ளினார்.

"போடமாட்டேன், ஐயா."

"அப்ப திருடின்னு ஒத்துக்கற."

"திரு பர்டிக்," என்றார் திரால். "அந்தப் பெட்டியில இருக்கற காகிதம் உங்க காகிதம்தான்னு நானே சாட்சி சொல்லுவேன்."

வெண்ணெய்க் குரல் ஒரு நொடியில் திரிந்துபோனது. "நீரா? மூக்குக்கு எதிரே நிக்கறவனையே தெரியாத மனுஷன் நீர்! உம்ம கண்ணு சாட்சின்னு எந்தக் கோர்ட்டுய்யா எடுத்துக்கும்?"

 மிசஸ் குட்ரிச்சின் கை சாவிக்கொத்தை இறுகப் பற்றியது.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் திரால். "எத்தனை நாளா, திரு பர்டிக்?"

அன்றே வின்னியை வேலையிலிருந்து நீக்கினார்கள். பத்தாம் நாள் இலாகாவின் ஆட்கள் இருவர் ரயிலில் வந்து, யாருக்கும் சொல்லாமல் நேரே காகிதக் கிடங்கில் நுழைந்து, ஒவ்வொரு கட்டையும் நடுவில் பிளந்தார்கள். நவம்பரில் ஒப்பந்தம் ரத்தானது. பர்டிக் நியூயார்க்குக்குப் போனதாகச் சொன்னார்கள். முதலாளிகள் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. திராலை வேலையிலிருந்து நீக்கினார்கள், வழக்குப் போடவில்லை. வெர்மாண்டில் தம்பியின் பண்ணைக்குப் போனார். ரயிலடியில் வழியனுப்பியது வின்னி ஒருத்திதான். அதையும் ஊர் கவனித்து வைத்துக்கொண்டது.

வந்த இருவரும் அவளை மூன்று முறை விசாரித்தார்கள். அவர்களுக்கும் அவள்மேல் நம்பிக்கை இல்லை. "ஏப்ரல்ல தெரிஞ்சதை ஆகஸ்ட்ல ஏன் சொன்னே? நியூயார்க் ஆலைக்காரங்க யாராவது உன்னைப் பார்த்தாங்களா?" என்றார்கள். கடைசி நாள் அவள் சொன்னாள்: "என்னை யாரும் பார்க்கல. நீங்க நாலு வருஷத்துல ஒரு தடவை வந்து பார்த்திருந்தா நான் சொல்லவே தேவையில்ல."

அந்தக் குளிர்காலம் ஆலை மூடிக் கிடந்தது. இருநூறு பெண்களுக்கு வேலை இல்லை. விடுதியில் முட்டைக்கோஸ் சூப்பில் இறைச்சி காணாமல் போனது. மாதாகோவிலில் வின்னி உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. தேவாலய வாசலில் ஒருத்தி கேட்டாள்: "ஏன்டி, நியூயார்க்குக்காரன் எவ்வளவு குடுத்தான்? புது பூட்ஸ் நல்லா இருக்கே."

"மூணு வருஷத்து பூட்ஸ்," என்றாள் வின்னி.

"அப்ப மூணு வருஷமாவே குடுக்கறான் போல."

மார்ச்சில் புதிய ஒப்பந்தக்காரர்கள் அதே கட்டடத்தையும் இயந்திரங்களையும் எடுத்துக்கொண்டார்கள். பழைய பெண்களை எல்லாம் கூப்பிட்டார்கள், வின்னியைத் தவிர. புது மேலாளர் மரியாதையாகத்தான் சொன்னார்: "உன்மேல குறை ஒண்ணும் இல்லம்மா. ஆனா ஒரு தடவை எழுதினவ இன்னொரு தடவையும் எழுதுவா." இலாகாவிலிருந்து வந்த புது ஏஜெண்டுக்கு அது பிடிக்கவில்லை. அப்படி எழுதுகிறவள் ஒருத்தி மாடியில் இருந்தால் தனக்குத் தூக்கம் நன்றாக வரும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதால்தான் ஜூன் மாதம் வின்னிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மேசைகளை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார்கள்.

முதல் நாள் அவள் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஹனோரா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டாள்.

"எதுக்கு வந்தே? குட்ரிச் அம்மாதான் போயாச்சே," என்றாள் வின்னி.

"அந்தப் பக்கம் காத்து வரல."

"யாருக்காவது சொல்லணுமா, நான் என்ன செய்யறேன்னு?"

"கேட்டா சொல்லுவேன்," என்றாள் ஹனோரா. "கட்டை எடு. பேச்சைக் கொஞ்சம் நிறுத்து."

வின்னி அந்த மேசையில் இன்னும் பதினேழு வருடம் வேலை பார்த்தாள். ஹனோரா பக்கத்திலேயே இருந்தாள். அவளிடம் வின்னி அதற்குப் பிறகு எந்த ரகசியமும் சொன்னதில்லை. ஹனோராவும் கேட்டதில்லை.